வேலிக்கு வெளியே கேட்ட பாட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் இரங்கல் குழுத் தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, முன்னால் பாய் விரித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சுவரோரம் நிற்கும் என் சுரங்கத் தோழர்களே, உள்ளே இடமில்லாமல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களே, எல்லோருக்கும் இந்தக் கசோன்டேயின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நால்வரும் என்னைப் பார்த்துப் பார்த்தே பேசினார்கள். மறைந்தவரைப் பற்றிப் பேசும்போது உயிரோடு இருப்பவனை எதற்காகப் பார்க்க வேண்டும்? காரணம் என் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது. திரும்பாமலே படித்துக் காட்டுகிறேன். 'இன்குபாவுக்குப் பாட்டைக் கொடுத்த தாய், நாசிம்புசா பானா லோம்பே அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.' நல்ல பெரிய எழுத்து. பக்கத்திலேயே கிதாரோடு என் வாலிப காலத்துப் படம். அவர் படத்தைவிட என் படம் பெரிது! குழுத் தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த வரியில் ஒரு சொல் பொய். அந்தப் பொய்யை முதலில் சொன்னவர் இந்தத் துணியில் எழுதியவர் இல்லை, நான். அதைச் சொல்லத்தான் இன்று மைக்கைப் பிடித்தேன்.

நிகழ்ச்சி நிரல் உங்கள் கையில் இருக்கிறது. ஏழாவதாக, எங்கள் பழைய இசைக்குழு இன்குபாவின் புகழ்பெற்ற பாடலை நானும் இளைஞர் இசைக்குழுவும் சேர்ந்து பாடுவோம் என்று அச்சடித்திருக்கிறார்கள். பாவம், பிள்ளைகள் மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். என் பழைய கிதார் இதோ மேசைமேல் துணிப்பொதியாகக் கிடக்கிறது. எங்கள் பழைய ரெக்கார்டை மறுபடி வெளியிடப் போகும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்து கேமராவைத் தயாராக வைத்திருக்கிறார். கூரைமேல் நான்கு ஒலிபெருக்கிகள் நான்கு திசையையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எல்லாம் ஆயத்தம். கொஞ்சம் பொறுங்கள். முதலில் அவரைப் பேசுவோம்.

எஸ்னாத் காலுபா என்பது அவர் பெயர். லோம்பே பிறந்த பிறகு எல்லோருக்கும் பானா லோம்பே, லோம்பேயின் அம்மா. இந்தக் கிட்வே நகரத்தின் சுரங்கக் குடியிருப்பில் பெண் வயதுக்கு வந்தால் சடங்கு நடத்தி, வாழ்க்கைக்கு வேண்டியதையெல்லாம் சொல்லிக்கொடுத்து, கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விடுகிற நாசிம்புசா. சடங்கோடு முடிந்துபோகிற வேலையா அது? தான் வளர்த்துவிட்ட பெண்ணுக்கு மூச்சு இருக்கும்வரை அவர்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவரைப்போல் தூக்கிச் சுமந்தவர் யார்?

ஒரு சங்கதி சொல்கிறேன், பழைய ஆட்களுக்குத் தெரியும். சுரங்கத்தின் இரண்டாம் குழியில் ஷிப்டுத் தலைவன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம், அவன் பிள்ளைகள் இந்த அறையில் இருக்கலாம். குடித்துவிட்டு மனைவியின் கையை ஒடித்துவிட்டான். மறுநாள் காலை, இரவு ஷிப்டு முடிந்து, ஆட்களை ஏற்றிய கூண்டு மேலே வருகிறது. வாயிலில் பானா லோம்பே கால் நீட்டி உட்கார்ந்து மேளத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறார். ஒடிந்த கைக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முந்நூறு ஆண்கள் அவர்களைக் கடந்து போனார்கள். அவன் மட்டும் உள்ளேயே பதுங்கினான். காவலாளி வந்து, "அம்மா, இது கம்பெனி இடம், எழுந்திருங்க" என்றான். "நான் எழுந்திரிக்கிறேன் தம்பி. அந்த ஆம்பளைய வெளியே அனுப்பு, அவன் தோளப் புடிச்சுத்தான் எழுந்திரிக்கணும், எனக்கு முட்டி வலி" என்றார். முட்டி வலியாவது ஒன்றாவது! அப்போது அவருக்கு நாற்பது வயது. பகல் ஒரு மணிக்கு அவன் வெளியே வந்தான். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அவன் கையை ஓங்கவில்லை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும், தொட்டாலே ஒட்டும் என்று ஊர் பயந்த அந்த நோய் வந்து வீட்டுக்கு வீடு காலி செய்தபோது யார் எந்த வாசலுக்குப் போனோம்? நான் போகவில்லை. எங்கள் குழுவில் டிரம் அடித்த பேசா படுக்கையில் கிடந்தான், பாஸ் வாசித்தவன் கிடந்தான், ஆர்கன் வாசித்தவன் கிடந்தான். நான் எட்டி நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். பானா லோம்பே தன் பெண்கள் ஒவ்வொருத்தியையும் குளிப்பாட்டினார். அவர் புதைத்தவர்களின் எண்ணிக்கை அவருக்கே தெரியாது. அப்படிப்பட்டவருக்குத்தான் இன்று நாம் 'இன்குபாவின் தாய்' என்று பட்டம் கட்டி அனுப்புகிறோம்.

இனி எனக்கும் அவருக்கும் என்ன உறவு என்று சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியும். கேமராத் தம்பிக்காகச் சொல்கிறேன். நான் மழைக் குலம். அவர் காளான் குலம். இரண்டு குலத்துக்கும் கேலிமுறை. முறைக்காரி என்னை என்ன திட்டினாலும் நான் கோபிக்கக் கூடாது, நான் அவளைத் திட்டினாலும் அப்படித்தான். அவள் வீட்டுக் கோழியைப் பிடித்துக்கொண்டு நான் நடந்து போகலாம். பறிகொடுத்தவள் சிரிக்க வேண்டும். முகம் சுளித்தால் அவமானம் அவளுக்குத்தான், எடுத்தவனுக்கு இல்லை. ஒருவர் இறந்தால் மற்றவர் குழிக்குள் இறங்க வேண்டும், பிணத்தைப் பார்த்து வசை சொல்லி அழுகிறவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும். இதுதான் எங்கள் வழக்கம்.

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குழாயடியில் என்னைக் கண்டால் போதும். "ஏய் மழை! குளிச்சு எத்தனை நாளாச்சு? உன் பேருக்கே கேவலம்டா!" என்பார். நான் விடுவேனா? "காளானக்கா, குப்பைமேட்டுல முளைச்ச உனக்கு வாசனையப் பத்தி என்ன பேச்சு? நான் பெய்யலேன்னா நீ ஏது?" என்பேன். "பெய்யிடா பெய்யி, அளவா பெய்யி. ரொம்பப் பெஞ்சா நான் அழுகிப் போயிருவேன்" என்பார். குடத்தோடு நிற்கும் பெண்கள் எல்லோரும் சிரிப்பார்கள். என் இருபது வயதில் அவர் வீட்டிலிருந்து மூன்று கோழி தூக்கியிருக்கிறேன். மூன்றாவது கோழியைச் சமைத்து அவரையே விருந்துக்குக் கூப்பிட்டேன். வந்து தின்றுவிட்டு, உப்புப் போதவில்லை என்று என்னைத் திட்டினார்.

இந்தக் கோழிதான் என்னைக் கெடுத்தது, தோழர்களே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு. எனக்கு இருபத்து நான்கு வயது. ரேடியோவில் நம் நாட்டுக்காரர்கள் பாட்டுத்தான் ஒலிக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்த நேரம். எங்கள் இன்குபாவுக்கு அதிர்ஷ்டக் கதவு திறந்தது. ஆனால் எங்களிடம் என்ன இருந்தது? வெள்ளைக்காரப் பொறியாளர் வீட்டு ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டு வாசித்துப் பழகிய கை. சத்தமாக வாசிப்போம், தலைமுடியை வளர்த்திருந்தோம், கால்சட்டை தரையைக் கூட்டும். ரேடியோ நிலையத்தில் ஒருவர் கேட்டார், "தம்பிகளா, பேரு இன்குபா, மின்னல்னு வெச்சிருக்கீங்க. இடி எங்கேருந்து வருது? அசலூருலேருந்தா?" அந்த வார்த்தை என்னைக் குத்திவிட்டது.

அந்த மாதம் என் தங்கை கூண்டாவுக்குச் சடங்கு. நடத்தியவர் பானா லோம்பே. அண்ணன்காரன் நான் விறகு கொண்டுபோக வேண்டும். பாதை திரும்பும் இடத்தில் விறகைப் போட்டுவிட்டு ஆண்பிள்ளை திரும்பிவிட வேண்டும். அதுதான் முறை. நான் விறகைப் போட்டேன், திரும்பவில்லை. நாணல் வேலிக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்தேன். பிற்பகல் மூன்று மணி வெயில். உள்ளே மூன்று மேளம். மூன்றும் மூன்று கணக்கில் போய், ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. அதன்மேல் பானா லோம்பேயின் குரல். அந்தக் குரலுக்குப் பின்னால் பதினைந்து வயது கூண்டா, தடுமாறித் தடுமாறித் திருப்பிச் சொல்கிறாள். மூன்று நாள் விறகு கொண்டுபோனேன். மூன்று நாளும் உட்கார்ந்தேன்.

அந்தப் பாட்டின் பெயரை நான் இன்று சொல்லப்போவதில்லை. நாலரை நிமிடத்துக்கு அதை இழுத்து, மேளத்தின் கணக்கைப் பேசாவின் டிரம்மில் ஏற்றி, என் கரகரக் கிதாரை மேலே பூசி ரெக்கார்டு செய்தோம். ஊர் பைத்தியமாகிவிட்டது! இதுதான் நம்முடைய இடி என்றார்கள். பத்திரிகைக்காரர் பாட்டு எங்கே கிடைத்தது என்று கேட்டார். "என் காளானக்கா கொடுத்தாங்க" என்றேன்.

கொடுத்தாரா? யாருக்குக் கொடுத்தார்? எப்போது கொடுத்தார்? வேலிக்குப் பின்னால் குந்தியிருந்தவனுக்கு எந்தக் கையால் கொடுத்தார்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அன்று என் மனத்தில் கள்ளம் இல்லை. அதுதான் இன்னும் மோசம். கேலிமுறைக்காரியின் கோழியை எடுத்தேன், பாட்டையும் எடுத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று மனசார நம்பினேன். வேறு குலத்துப் பெண்ணின் பாட்டாக இருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன், பயந்திருப்பேன். இவர் என் காளான். இவரிடம் எனக்கு எதையும் எடுக்க உரிமை உண்டு. எடுத்தேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவும் செய்தார்.

ரேடியோவில் பாட்டு வந்த அந்த வாரம் குழாயடியில் என்னைப் பிடித்தார். "ஏய் மழை, என் கூரையில ஓட்டை போட்டது நீதானா?" என்றார். "மழைன்னா ஒழுகத்தான் செய்யும் காளானக்கா, பாத்திரம் வெச்சுப் புடிங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இங்கே இசை தெரிந்த இளைஞர்கள் இருக்கிறீர்கள். உங்கள் கேள்வி எனக்குக் கேட்கிறது. இசைக்கு வேலி உண்டா தாத்தா? கிதார் நம்முடையதா? நீங்கள் வெள்ளைக்காரர் ரெக்கார்டைக் கேட்டுக் கற்கவில்லையா? இதே கேள்விகளை நாற்பது வருடமாக நானே எல்லோரிடமும் கேட்டு வாயடைத்திருக்கிறேன். கற்றேன் ஐயா, கற்றேன்! அந்த ரெக்கார்டுகளைச் செய்தவர்கள் யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று இசைத்தட்டில் ஏற்றிக் கடலுக்கு அப்பால் அனுப்பினார்கள். நான் சன்னலோரம் நின்று கேட்டால் அந்தப் பொறியாளர் சத்தத்தைக் கூட்டிவைப்பார். அந்த இசை என்மேல் பட்டது, ஊறியது, என் கையில் வேறு மாதிரி வந்தது. அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் இங்கே, கேட்காதே என்று வேலி போட்டிருந்தது. போட்டவர்கள் என் தாய் வயதுப் பெண்கள். நான் கேட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள எனக்கு நாற்பத்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது, உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

சரி, பாட்டு வெளியே போனால் என்ன குடி முழுகிவிடும்? நானும் அப்படித்தான் கேட்டேன். எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடியவருக்குக் கோபிக்க உரிமை இல்லை. போன வாரம்தான் பதில் கிடைத்தது. அதற்கு வருகிறேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் வெளிநாட்டுக் குழு ஒன்று எங்கள் பாட்டின் தொடக்கத்தை அப்படியே எடுத்துத் தங்கள் பாட்டில் வைத்துக்கொண்டது. உலகமெல்லாம் ஓடியது. என் பெயர் எங்கும் இல்லை! நான் ரேடியோ நிலையத்துக்குப் போய் அரை மணி நேரம் கத்தினேன். "திருடர்கள்! எங்கள் மண்ணின் பாட்டு! கேட்டு எடுத்தார்களா? ஒரு வார்த்தை சொன்னார்களா?" என்று மேசையைக் குத்தினேன். அந்த நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டுத் தெருவில் என்னைக் கட்டிப்பிடித்தவர்கள் இந்த அறையில் பலர்.

மறுநாள் காலை பானா லோம்பே என் வீட்டுக்கு வந்தார். எழுபதை ஒட்டிய வயது. வாசலிலேயே கேட்டார், "என்ன மழை, திருடன் ஆப்பிட்டானா?"

"ஆப்பிட்டான் காளானக்கா. கேஸ் போடப் போறேன்."

"போடு, போடு. அவன் எங்கே நின்னு கேட்டானாம்? வேலிக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் மனைவியும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உள்ளே வந்தார், சுவரில் மாட்டியிருந்த கிதாரை எடுத்தார், இடுப்பில் உடைமேல் சுற்றியிருந்த சிடெங்கேத் துணியை அவிழ்த்து அதைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார். "முறைக்காரி எடுத்துட்டுப் போறேன். கோவமா?" என்றார். "எடுத்துக்கங்க, எனக்கென்ன கோவம்?" என்றேன். "அப்படித்தான்டா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சந்தை நடுவே ராணி மாதிரி நடந்து போனார். கிட்வேயே சிரித்தது. ஒரு வாரத்தில் திருப்பி அனுப்புவார் என்று பார்த்தேன், அனுப்பவில்லை. "வாசிக்கக் கத்துக்கிட்டதும் தர்றேன்" என்பார். நான் வேறு கிதார் வாங்கிக்கொண்டேன்.

போன வாரம், அடக்கத்தன்று காலையில், லோம்பே என்னை வீட்டுக்குள் கூப்பிட்டாள். சடங்குப் பொருள்கள் வைக்கும் பெட்டியைத் திறந்தாள். உள்ளே மண்ணால் செய்த உருவங்கள், சின்ன மேளம், அவற்றோடு அதே துணியில் சுற்றிய என் கிதார். "இதை உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க மழை மாமா" என்றாள்.

பிரித்துப் பார்த்தேன். மரத்தில் ஒரு கீறல் இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்த மரம். தந்திகளைத் தளர்த்திவிட்டிருக்கிறார், கழுத்து வளையாமல் இருப்பதற்காக. யாரிடமோ கேட்டுத்தான் செய்திருக்க வேண்டும். "அம்மா வாசிச்சாங்களா?" என்று கேட்டேன். "தொட்டதுகூட இல்ல மாமா. மாசத்துக்கொருக்கா துடைப்பாங்க, திரும்பச் சுத்தி வெச்சிருவாங்க. அடுத்தவங்க சாமான், கெட்டுப்போயிரக் கூடாதுன்னு சொல்லுவாங்க."

என்னிடமிருந்து பறித்த பொருளை அவர் வைத்திருந்த விதம் அது. அவரிடமிருந்து நான் பறித்ததை நான் எங்கெல்லாம் கொண்டுபோய்ப் போட்டேன்? பீர் ஹாலில் போட்டேன். பஸ் நிலையத்தில் போட்டேன். சிமெண்டு விளம்பரத்துக்குக்கூட ஒரு வருடம் கொடுத்திருந்தேன்.

லோம்பே அன்று மற்றதையும் சொன்னாள். அதை இங்கே சொல்லலாமா என்று அவளிடமும் மூத்த தாய்மார்களிடமும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். நாற்பத்து மூன்று வருடத்தில் நான் இதைப் பற்றி அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை.

அந்தப் பாட்டுக்குக் கடைசியில் ஒரு வரி உண்டு. மணப்பெண் தன் வீட்டில், தன் கணவனிடம், முதன்முதலாகச் சொல்ல வேண்டிய வரி. அவன் அதை அவள் வாயிலிருந்துதான் முதலில் கேட்க வேண்டும். கேட்டு, தலை குனிந்து கைதட்டி, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதோடு அந்த வீட்டில் இருவரும் சமம். அதற்காகத்தான் வேலி, அதற்காகத்தான் மூன்று மேளம். என் தங்கை கூண்டாவுக்கு எழுபத்தாறில் கல்யாணம் ஆனது. அவள் அந்த வரியைச் சொன்னாள்.

அவன் சிரித்தான்.

"இதைத்தானே உங்க அண்ணன் பீர் ஹால்ல தினம் கத்துறான்" என்று சொல்லிவிட்டு, மீதிப் பாட்டையும் பாடிக்காட்டி, இடுப்பை ஆட்டிச் சிரித்திருக்கிறான். மறுநாள் நண்பர்களிடம் சொன்னான், அவர்களும் சிரித்தார்கள். அந்த வருடமும் அடுத்த வருடமும் கல்யாணமான பெண்கள் எத்தனை பேர் அந்த வரியைச் சொல்லிச் சிரிப்பை வாங்கிக்கொண்டார்கள்? எத்தனை பேர் வாயைத் திறக்காமலே இருந்துவிட்டார்கள்? கூண்டா பானா லோம்பேயிடம் ஓடிப்போய், "என் அண்ணன்கிட்டச் சொல்லிடாதீங்க, அவன் சந்தோசமா இருக்கான்" என்று அழுதாளாம்.

என் தங்கை அப்படிப்பட்டவள்.

மூத்த பெண்கள் கூடிப் பானா லோம்பேயைக் கேட்டார்கள், பாட்டு எப்படி வெளியே போயிற்று என்று. அவருக்குத் தெரியும். ஆனால் மழைக்காரன் திருடினான் என்று சொன்னால் என்ன ஆகும்? உன் முறைக்காரன்தானே, எடுத்தால் சிரித்துவிட்டுப் போ என்பார்கள், கோபித்தாள் என்ற கெட்ட பெயர் வரும். அதனால், "என் மேளம் சத்தமாப் போச்சு. தப்பு என்னோடது" என்று சொல்லி மண்டியிட்டார். இரண்டு வருடம் எந்தத் தாயும் தன் பெண்ணை அவரிடம் அனுப்பவில்லை. அந்த இரண்டு வருடம் சந்தையில் கருவாடு விற்றார். நான் அந்தக் கடை வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். "காளானக்கா, மீனோட சேர்ந்து நாறுறீங்களே" என்று கேலி செய்திருக்கிறேன். அதன்பின் அவர் மறுபடி சடங்கு நடத்தத் தொடங்கியபோது அந்தப் பாட்டைச் சடங்கிலிருந்து எடுத்துவிட்டார். தன் சொந்த மகள் லோம்பேக்கே சொல்லிக்கொடுக்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் கூண்டா இறந்தபோது முறைப்படி குழிக்குள் இறங்கியவர் பானா லோம்பேதான். குழிக்குள் நின்றுகொண்டு அவர் சொன்ன வசை எனக்கு நினைவிருக்கிறது. "இந்தப் பொண்ணு கெட்டிக்காரி. நான் கத்துக்குடுத்ததை ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அண்ணன் ரேடியோவுல சொல்லிக்குவான்னு விட்டுட்டா!" கூட்டம் சிரித்தது. என் தங்கையின் குழியருகே நின்று நானும் சிரித்தேன்.

புரிகிறதா, தோழர்களே? அவருக்குக் கேலியைத் தவிர வேறு மொழி கிடையாது, என்னிடம். நாற்பத்து மூன்று வருடம் அவர் புகார் சொன்னார். நாற்பத்து மூன்று வருடம் நான் சிரித்தேன்.

அடக்கத்தன்று நானும் குழிக்குள் இறங்கினேன். நீங்கள் எல்லோரும் என் வசைக்காகக் காத்திருந்தீர்கள். எனக்கு வசை வரவில்லை. கிழவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று இரண்டு பேர் கையைப் பிடித்து மேலே தூக்கினீர்கள். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. அந்தக் காளானைப் பார்த்துச் சொல்ல ஒரு குறைகூட என்னிடம் இல்லை. கேலிமுறையில் அவருக்கு நான் செய்ய வேண்டிய கடைசிக் காரியத்தையும் செய்யத் தவறினேன்.

இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவர் கடைசியில் உறுதிமொழி எடுப்பார், மறைந்தவரின் பணியைத் தொடர்வேன் என்று. எப்படி எடுப்பேன்? அவருடைய பணியைத் தொட எனக்கு என்ன யோக்கியதை? அதைத் தொடர லோம்பே இருக்கிறாள். எனக்கு அதில் ஒரு வேலைதான் உண்டு, என் கையை எடுத்துக்கொள்வது. அதைச் செய்கிறேன். ஒன்று, அந்தப் பாட்டை இனி நான் எந்த மேடையிலும் பாட மாட்டேன். கேமராத் தம்பி, உங்கள் கம்பெனியின் காகிதத்தில் எட்டுப் பாட்டுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்பதாவது என்னுடையது இல்லை. தெரியும், பழைய ரெக்கார்டு ஊரெல்லாம் கிடக்கிறது, எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. போனது போனதுதான், அதை யாராலும் திருப்பிக் கூப்பிட முடியாது. என் தங்கையின் அந்த ஒரு நாளை யார் திருப்பித் தருவார்? நான் சொல்லும் எதுவும் அதைச் சரிசெய்யாது. இந்தத் துணியிலாவது 'கொடுத்த தாய்' என்ற சொல் இருக்கக் கூடாது. குழுத் தலைவர் தயவுசெய்து அதை இறக்க வேண்டும். என் படத்தையும் சேர்த்து இறக்குங்கள்.

இன்னொன்று. கடைசி மாதத்தில், படுக்கையில் கிடந்தபடி, பானா லோம்பே அந்தப் பாட்டை லோம்பேக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கடைசி வரியோடு. "ஒரு தடவையாவது ஒழுங்காப் பாடுங்கடி, அப்புறம் வேணும்னா மறந்துருங்க" என்றாராம். எழுபத்து நான்குக்கு முன்னால் அவரிடம் சடங்கு முடித்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு அதை எப்படிப் பாட வேண்டும் என்று தெரியும். மூன்று மேளமும் அந்த மூலையில் இருக்கின்றன, லோம்பே கொண்டுவந்திருக்கிறாள்.

ஆகவே, ஏழாவது நிகழ்ச்சி நடக்கும். அச்சடித்தபடி நடக்காது.

ஒலிபெருக்கித் தம்பி, நான் இறங்கியதும் நான்கையும் அணைத்துவிடு. கேமராவை மூடிப் பையில் வையுங்கள். இளைஞர் இசைக்குழுப் பிள்ளைகளே, கருவிகளை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். போதகர் அவர்களே, தலைவர் அவர்களே, நீங்களும்தான். இந்த அறையில் இருக்கும் ஆண்கள் எல்லோரும் எழுந்திருங்கள். சன்னலில் நிற்பவர்கள் கம்பியை விடுங்கள். கடைசியாக வருகிறவர் கதவைச் சாத்துங்கள். வாசலிலேயே நின்றுவிடக் கூடாது, வேலி ஓரத்தில் குந்தவும் கூடாது. ரயில் பாதை வரைக்கும் நடப்போம். மேளம் காதில் விழாத தூரம் அதுதான், நேற்று நான் நடந்து பார்த்துவைத்தேன். அவர்கள் முடித்து ஆள் அனுப்பும்வரை அங்கேயே இருப்போம். முதல் ஆளாக நான் போகிறேன்.

காளானக்கா, குழிக்குள் எனக்கு வராத வசை இப்போது வருகிறது. கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காரன் கையிலிருந்து ஒரு பாட்டைக்கூடக் காப்பாத்தத் தெரியாத நீங்கள்லாம் ஒரு நாசிம்புசாவா? கூரையை நல்லா வேய்ஞ்சிருக்கணும், காளானக்கா. பரவாயில்ல, விடுங்க. இன்னைக்கு மழை வெளியேதான் நிக்கும்.